இரட்டை ஓ

வெள்ளிக்கிழமை தேர்வு. இருபது ஜோடிச் சொற்கள்.
அம்மா பட்டியலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள்,
தண்ணீர் பில்லுக்கும் பல் டாக்டர் சீட்டுக்கும் நடுவே.

பாலைவனத்துக்கு ஒரு எஸ்.
சாப்பிட்டபின் வரும் இனிப்புக்கு இரண்டு,
இன்னொரு கரண்டி கேட்போம் அல்லவா, அதனால்.
மூச்சுக்கு வாலில்லை, மூச்சை விட்டால் ஒரு ஈ முளைக்கும்.
பிரின்சிபலின் கடைசி மூன்று எழுத்தும் நண்பன் என்கிறது புத்தகம்.
எங்கள் பிரின்சிபலை அது பார்த்ததில்லை.

எனக்கு எல்லாம் தெரியும். அதுதான் கோளாறு.

செவ்வாய் பள்ளி விட்டு வரும்போது
பியூட் நகரத்து மேட்டுத்தெரு முனையில், கம்பத்தில் ஒரு தாள்.
செம்புக்காசு நிறத்தில் நாய். பெயர் பென்னி.
ஒரு காது மடிந்தது. பட்டாசுக்குப் பயப்படும்.
அடியில், பெரிய எழுத்தில்:
இவளை லூஸ் பண்ண என்னால் முடியாது.

ஓ இரண்டு.

ஒற்றை ஓ என்றால் இழப்பது.
இரட்டை ஓ என்றால் தளர்ந்து தொங்குவது,
ஆடும் பல் மாதிரி, அண்ணன் பேன்ட் எனக்கு வந்த மாதிரி.
பையில் சிவப்பு மார்க்கர் இருந்தது.
ஒரு ஓவை அடித்தேன்.
அடுத்த கம்பத்திலும். அதற்கடுத்ததிலும்.
பழைய சுரங்கக் கோபுரம் வரை பதினொரு கம்பம், பதினொரு ஓ.
தொலைபேசி எண்ணை ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

புதன்கிழமை, முன் மேசையிலிருந்து மைலோ வூகோவிச்
"எவனோ சிவப்புல கிறுக்கிவச்சிருக்கான்" என்றான்,
யாரிடமும் இல்லாமல், கோபமும் இல்லாமல்.
கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவினான்.
"பட்டை கழுத்தை இறுக்குதேன்னு
நான்தான் ஒரு ஓட்டை தள்ளி மாட்டினேன்.
லூசா இருந்துச்சு. தலையை உருவிக்கிட்டுப் போயிட்டா."

ஒரு ஓட்டை.
வட்டமாக, சின்னதாக, தோல் பட்டையில்.

பட்டியலில் வெதர் இரண்டு உண்டு:
ஒன்று வானம், மற்றது வருமா வராதா என்பது.
வியாழக்கிழமை இரண்டும் இருந்தன.
ஈரப்பனி விழுந்து என் மார்க்கர் கரைந்து
மடிந்த காதுவரை சிவப்பாய் வழிந்தது.
மேட்டுத்தெரு முனைத் தாளை மட்டும் சட்டைக்கையால் துடைத்தேன்.
இன்னும் மோசமானது.

தேர்வில் எனக்கு இருபது.
அவனுக்குப் பதினான்கு.
ஒன்பதாவது கேள்விக்கு ஒற்றை ஓ போட்டிருந்தான், சரியாக.
பேப்பரைக் கைமாற்றித் திருத்தியது நான்.
டிக் அடிக்கக் கை வர நேரமாயிற்று.

சொல்லவில்லை. இன்னும்.

மாலையானால் குன்றுப் பக்கமிருந்து அவன் குரல் வருகிறது.
ஹியர், பென்னி, ஹியர்.
இங்கே என்பதற்குக் கடைசியில் ஒரு ஈ,
கேள் என்பதற்கு உள்ளேயே ஒரு காது.
எந்த ஹியர் என்று காற்றில் தெரிவதில்லை.
குளிருகிறது, மூடு என்கிறாள் அம்மா.
ஜன்னலில் கை வைத்தபடி
நானும் கேட்கிறேன்.