பதினாறு கட்டங்கள்

பளிங்குப் படிகள் முடிந்து
மரப்படிகள் தொடங்கும் மூன்றாம் மாடியில்
எங்கள் அலுவலகம். வம்சாவளிப் பிரிவு.
நான் டோபியாஸ் க்ராட்சர், இரண்டாம் நிலை எழுத்தன்.
ஆண்டுக்கு அறுநூறு ஃப்ளோரின்,
குளிர்காலத்துக்கு விறகு.

பேரரசர் வீட்டில் ஒரு பெண்ணுக்கு
வரன் தகைந்தால்
ஆட்டுத்தோலில் கட்டங்கள் போடுவேன்.
அடியில் அவள்.
அவளுக்கு மேலே இருவர், நால்வர், எண்மர்,
உச்சியில் ஓட்டன் ஓட்டி என்று பதினாறு பேர்.
ஒருவர்கூடக் கீழ்க்குடியாக இருக்கக் கூடாது.
அதுதான் சட்டம்.
பதினாறும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்று
சட்டத்தில் எங்கும் இல்லை.

இளவரசி அடெல்குண்டேவுக்குப் போட்டபோது
கட்டம் பதினாறு, ஆள் ஆறு.
அம்மாவின் தம்பிதான் மாப்பிள்ளை.
பெண்ணுக்குப் பூட்டி அவனுக்குப் பாட்டி;
பெண்ணைப் பெற்றவன் அவனுக்குச் சித்தப்பா மகன்.
ரோமாபுரியிலிருந்து விலக்குக் கடிதம் வந்தது,
இன்னும் மெழுகு மணத்தது.

மரமென்றால் மேலே போகப் போக விரியும்.
இது கூடை. முடைந்த கை
பாதியிலேயே உள்ளே மடித்துவிட்டது.
ஒரே பெயரை மூன்றாம் முறை எழுதும்போது
பேனா எனக்கு முன்னால் ஓடும்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை போர்முனையில்.
அவனுக்குப் பதிலாக அண்ணன் நின்றான்,
அவன் கையுறையில் தன் கையை நுழைத்து.
மறுவாரம் எல்லைச் சாவடியில்
அவளைக் கைமாற்றிக்கொண்டார்கள்.
ரசீதில் மூன்று பேர் கையெழுத்து.
நகல் என்னிடம்தான் இருக்கிறது.

பிறகு பிள்ளைகள்.
நாலு முறை ஒரே தேதியை
இரண்டு இடத்தில் எழுதினேன்:
தோற்றம், மறைவு.
நாலாம் முறை மைக்கூட்டை மூட மறந்து
வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த வருஷம்தான் அவள் தம்பி எம்மெரிக்
மூர் நதிக்கரைத் தபால்காரர் மகளை
இடது கையால் கைப்பிடித்தான்.
இடக்கை மணம்.
'புள்ளிக்கோடு போதும்,' என்றது மேலிடத்து உத்தரவு,
'பிள்ளைகளைப் பதிய வேண்டாம்.'

உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன்.
ராத்திரியில், என் சொந்த மெழுகுவத்தியில்,
சாதாரணத் தாளில்
வால்புர்கா ஸ்டிஃப்லருக்கும் ஒரு கட்டம் போட்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள். விறகு மிச்சமிருந்தது.
ஊர்க்குருமார்களுக்கு எழுதிக் கேட்டு
எட்டு மாதத்தில் நிரம்பியது:
மாவுமில்காரன், ஓடக்காரன்,
குதிரை திருடித் தண்டனை பெற்ற குரோவாத்தியன்,
இரண்டு முறை விதவையான மருத்துவச்சி…
பதினாறும் பதினாறு பேர்.
கடைசிக் கட்டத்தில்
'மரியா. தேவாலயப் படியில் கிடந்தவள்.
பெற்றோர் தெரியாது.'

ஒரு மார்ச் மாதப் பிற்பகலில்
மரப்படி கிறீச்சிட்டது.
அரண்மனையில் பிறந்த யாரும்
அதுவரை அதில் ஏறியதில்லை.
அடெல்குண்டே. கறுப்பு உடை. தனியாக.
தன் தாளைக் கேட்டாள். விரித்தேன்.
நாலு பெட்டிகளை எண்ணினாளோ என்னவோ,
உதடு அசைந்தது.
அடியிலிருந்த சாதாரணத் தாள் அவள் கண்ணில் பட்டுவிட்டது.
'இது யாருடையது?'
'உங்கள்… தம்பி மனைவியுடையது, இளவரசி.'

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.
அவள் குனிந்து ஒவ்வொன்றாய் வாசித்தாள்.
குதிரைத் திருடனிடம் மூக்கால் லேசாகச் சிரித்தாள்.
கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.
'படியிலா? பனிக்காலத்திலா?'
'ஜனவரி, இளவரசி.'
'குழந்தை பிழைத்ததா?'

எனக்கு முதலில் கேள்வி புரியவில்லை.
'பிழைத்தது.
பிழைத்ததால்தான் இந்தத் தாளில் இருக்கிறது.'

கையுறையை மாட்டிக்கொண்டாள்.
தாளை எடுத்துப் போவாள் என்று நினைத்தேன்.
எடுக்கவில்லை.
மரப்படிகள் பதினெட்டும் கேட்டன.
பிறகு பளிங்கு.
பளிங்கில் யார் நடந்தாலும்
மேலே கேட்காது.