வீசம் பாக்கி

செனோக்கோ மீன் கிடங்கு, விடிகாலை மூன்று.
எட்டு கிலோபைட் சில்லு.
ஒரே ஒரு பெருக்கலுக்கு
மிதவைப் புள்ளியைக் கூப்பிட்டேன்;
மூட்டைமுடிச்சோடு குடும்பமே வந்து இறங்கி
பாதி வீட்டை அடைத்துக்கொண்டது.

அனுப்பிவிட்டேன்.

உணரிக்குத் தெரிந்தது
டிகிரியில் பதினாறில் ஒன்று, அவ்வளவே.
நான்கு பிட் விட்டு
புள்ளியை ஆணியடித்தேன்:
அரை, கால், அரைக்கால், வீசம்.
நான்குக்கும் தமிழில் ஏற்கெனவே பேர் இருந்தது
இப்போதுதான் உறைத்தது, குளிரில்.

சேவுகன் கதவிடுக்கில் தலைநீட்டினார்.
"மைனஸ் பதினெட்டு தொட்டுச்சா?"
"வீசம் பாக்கி."
"அப்படீன்னா?"

கடைசி நான்கு பிட்டை உதறினால்
பதினெட்டு என்றே காட்டும்;
மைனஸ் எண்கள் அப்படித்தான், கீழ்நோக்கிச் சரியும்.

உதறவில்லை.
வெளியே லோரியின் எஞ்சின் அணைந்தது.
இருவரும் அந்த வீசத்துக்காக நின்றோம்.