நட்டவீட்டுப் படிவம்

மூன்று மொழியில் அச்சிட்ட படிவம்.
தமிழில் மட்டும் நட்டஈடு
நட்டவீடு ஆகியிருக்கிறது.
நான் திருத்தவில்லை.

தொழிலின் பெயர்.
பலகை ஒருநாளும் மாட்டியதில்லை.
கொம்பனித்தெருவில் டயர்க் கடைக்கு மேலே
பதினேழு படி ஏறினால் மாடி.
மாடி என்றே எழுதினேன்.

ஆரம்பித்த ஆண்டு.
ரோலண்ட் சொன்னது எழுபத்தொன்று.
துவான் ஜுனூஸ் சிரிப்பார்:
அப்போ அறுபத்தொன்பதில்
யாருக்கு நான் ட்ரம்ஸ் அடித்தேன்?
கரண்ட் பில்லில் எழுபத்துமூன்று.
அதுவரை கீழ்க் கடையிலிருந்து
வயர் இழுத்திருக்கிறார்கள்.
பில்லைத்தான் எழுதினேன்.

தொழிலின் தன்மை.
சனி இரவு பைலா, அது வாடகைக்கு.
வியாழன், யாரும் கேட்டிராத பாட்டுகள்.
சொந்தமாய் ஒரு பாட்டு வைத்திருக்கிறவன்
படியேறி வரவேண்டும், அவ்வளவுதான் சட்டம்.
நல்ல வியாழனில் நாற்பது பேர்.
மழை வியாழனில் நான்கு,
அதில் ஒருவன் கச்சான் விற்க வந்து
இருந்துவிட்டவன்.

தொண்ணூற்று நான்கில் நான் வந்தேன்,
வாசலில் காசு வாங்க.
டிக்கெட் அடிக்கப் பணமில்லை.
டயர்க் கடை றபர் ஸ்டாம்பை இரவல் வாங்கி
மணிக்கட்டில் குத்துவேன்:
பணம் பெறப்பட்டது.
ஒரு இரவு செக் பொயின்றில்
ஆமிப் பொடியன் என் கையைத் திருப்பி
டோர்ச் அடித்து வாசித்தான்.
என்ன பில் என்றான்.
பாட்டு என்றேன்.
அடையாள அட்டையில் பிறந்த இடம் பருத்தித்துறை.
அரைமணி நேரம் நிற்கவைத்தான்.
விடும்போது கேட்டான்,
அங்கே கித்தார் படிப்பிப்பார்களா?

மூடியிருந்த காலம் உண்டா?
ஊரடங்குகளை எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.
கரண்ட் இல்லாத அந்த வருடம்
பெற்றோல் வரிசையில் நின்றவர்கள்
எங்கள் படிகளில் வந்து குந்தினார்கள்.
மைக் இல்லாமல் ஒரு பிள்ளை பாடினாள்.
வரிசை நகர்ந்தபோது
இரண்டு பேர் இடத்தை விட்டார்கள்.

சொத்துகளின் விபரம்.
மைக் நான்கு, ஒன்று பேசாது.
மிக்சர் ஒன்று.
பேஸ் பெட்டி ஒன்று. நிலை:
பேனா அங்கேதான் நின்றது.

எண்பத்துமூன்று ஜூலையில்
பதினைந்து அங்குல ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்து
அந்த இடத்தில் தவநேசனை இருத்தினார்கள்.
அவர்தான் பேஸ் வாசித்தவர்.
ஆறடி ஆள், முழங்கால் காதில் முட்ட.
முன்துணியை மூடி
ரோலண்ட் பெட்டிமேல் ஏறியிருந்து
கித்தாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.
ஆட்கள் படியேறி வந்தார்கள்.
ஒரு பாட்டுக் கேட்டார்கள்.
வாசித்தார்.
என்ன பாட்டென்று
சாகும்வரை அவர் சொல்லவில்லை.

மூன்று இரவு.
பிறகு முகாம், கப்பல், பிறகு ஸ்காபரோ.
ஸ்பீக்கரைத் திரும்பப் பூட்டும்போது
எட்டு ஸ்குரூவில் ஒன்றைக் காணவில்லை.
இன்றைக்கும் தாழ்ந்த தந்தியைத் தொட்டால்
பெட்டி ஒரு மாதிரி அதிரும்,
பல்லைக் கடித்து மூச்சு விடுவதுபோல.
புதுப் பொடியன்கள் பழுது என்பார்கள்.
ஒருவன் கள்ளமாய் ஸ்குரூ வாங்கிப் பூட்டினான்.
அடுத்த வியாழன் அது கழன்று
ஜுனூஸின் சோசருக்குள் கிடந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

கந்தோரில் அனோமா, நல்ல பிள்ளை,
விளங்கப்படுத்துகிறாள்:
குடியிருந்தவர்க்கு ஃபிளாட்,
வியாபாரத்துக்கு ஒரு தொகை.
யாராவது வசித்தார்களா, அன்ரி?

வசித்தவர் எண்ணிக்கை: ஒருவர்.
காலம்: மூன்று இரவு.
எழுதிக் கொடுத்தேன்.
கீறி வெட்டினாள்.
பிறகு என்ன நினைத்தாளோ
பக்கத்தில் பென்சிலால்
சின்னதாய் ஒரு கேள்விக்குறி.

பெட்டி படியால் இறங்காது.
அது ஏறியது யன்னலால், கயிறு கட்டி,
கிரில் போட முந்தி.
கிரில்லை வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன்.
வியாழக்கிழமை வாறன் என்றான்.
வியாழன் பாட்டு இருக்கு,
வெள்ளி வா என்றேன்.