நூற்றில் ஒன்று

கழுத்தில் ஒரு கோழிமுட்டை.
விழுங்கினால் ஏறும், விட்டால் இறங்கும்.
ஒன்பது வருஷமாய் அதற்கும் சேர்த்துத்தான்
சோறு தின்கிறேன்.

ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்தாயிற்று. கெட்ட கட்டி இல்லை.
“எடுத்தே ஆகணும்னு இல்ல.
எடுத்தா மல்லாந்து படுத்துத் தூங்கலாம். உங்க இஷ்டம்”
என்றார் ஐகிரவுண்டில் டாக்டர் பியூலா.
பிறகு பேனாவால் தாளில் ஒரு நூல் இழுத்தார்:
கட்டிக்குப் பின்னால் ஓடுகிற நரம்பு.
அதில் கத்தி பட்டால் குரல் கம்மிப்போகும்.
நூற்றில் ஒருவருக்கு, திரும்பி வராமலே.

நூறு என்றால் எனக்குத் தெரியும்.
களக்காடு வாழைத்தார் மார்க்கெட்டில்
ஏலம் கூவுகிறவன் நான்.
ஏத்தன், செந்துளுவன், ரசகதலி,
எதுவானாலும் நூற்றில் ஒன்று
உள்ளுக்குள் தண்டு அழுகியிருக்கும்.
அதை யார் தலையிலாவது கட்டிவிடுவேன்.
அந்த யாரோ ஒருவன்
வீட்டுக்குப் போய் என்ன செய்தான் என்று
இருபத்தாறு வருஷத்தில் கேட்டதில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது எடை போட்டேன்.
ஒரு தட்டில் மூச்சு முட்டாத ராத்திரி,
மேல்பொத்தான் பூட்டிய சட்டை,
“தொண்டையில என்ன மாமா” என்று
கேட்காத கல்யாண வீடுகள்.
மறு தட்டில் குரல், அது மட்டும்.
நாங்குநேரி தாண்டியும்
முள் ஆடிக்கொண்டே இருந்தது.

சரி, இல்லாமல்தான் இருந்து பார்ப்போமே என்று
ஒரு வாரம் வாயே திறக்கவில்லை.
தொண்டைக்கட்டு என்று சைகை காட்டினேன்.
கணக்கெழுதுகிற வானமாமலை கூவினான்.
கீச்சுக்குரல், நடுநடுவே இருமல்,
விலையை இரண்டு தடவை தப்பாகச் சொன்னான்.
ஏத்தன் கிலோவுக்கு
இரண்டு ரூபாய் கூடத்தான் போனது.
நெடுமங்காட்டு வியாபாரி
எப்போதும்போல் எனக்கு டீ சொன்னார்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு மல்லாந்து படுத்தேன்.
முட்டை அழுத்தியது.
முட்டையைவிட அந்த இரண்டு ரூபாய்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை நாள் கொடுத்தார்கள்.
வாசித்து வரச்சொன்ன சம்மதத் தாளில்
கையெழுத்துப் போடுகிற இடத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி.

முந்தின நாள் மாடிக்குப் போய்
போனில் பதிவை அமுக்கிவிட்டு
மார்க்கெட்டில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டேன்.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.
மூன்றாவது வரவில்லை.
வந்தது அவள் பெயர்.
செல்லக்கனி.
கட்டின நாளிலிருந்து வெறும் “ஏளா”தான்,
பெயரின் நீளம் நாக்குக்குப் பழகவில்லை,
‘க’வில் தடுக்கி விழுந்தேன்.

ராத்திரி இட்லிக்கு மாவு கரைத்தபடி
அவள் அதைப் போட்டுக் கேட்டாள்.
இன்னொரு தடவையும் கேட்டாள்.
“என்னையும் ஏலத்துல விட்ட மாதிரில்லா இருக்கு”
என்றாள்.

தாள் பைக்குள் இருக்கிறது.
முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கு.
புள்ளி இன்னும் புள்ளியாகவே.

“சத்தத்தக் குறைங்க,” என்கிறாள்,
மூன்றாம் தடவை போட்டுக்கொண்டே,
“பக்கத்து வீட்ல பிள்ள தூங்குது.”