எட்டு ஓம்

கிழிந்தது உப்புவெளியில், ஒரு கலியாண வரவேற்பில்,
பைலாவின் மூன்றாவது சுற்றில்.
மாப்பிள்ளையின் மாமா மேடைக்குக் கிட்ட வந்து
"உள்ளுக்குக் கரப்பான் ஏதும் போயிட்டுதா தங்கச்சி?" என்றார்.
பின்பலகையைக் கழற்றினேன்.
கூம்பில் ஒரு விரல் நீள வெடிப்பு.
கடற்காற்று தின்ற இரும்புச் சட்டம்
தொடத் தொடச் செம்மண்ணாய் உதிர்ந்தது.

அதன்பிறகு மூன்று கிழமை
தலைக்குள் காந்தம் மட்டும்தான்.

அல்னிகோ என்கிறான் ரொய்ஸ்டன்.
அதட்டினால் கொஞ்சம் பின்வாங்குமாம்,
பிறகு தேனாய்த் திரும்பி வருமாம்.
விலையைச் சொன்னேன்.
அவனும் கொஞ்சம் பின்வாங்கினான்.

செராமிக் என்கிறான் நஸ்மில்.
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து
இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனான்:
"என்ர ட்ரம்ஸுக்கு மேலால நீ கேக்க வேணும்.
இல்லாட்டி
வாசிக்கிறதும் ஒண்டு, விடுறதும் ஒண்டு."

இரவில், டைக் வீதியில், போனில்
முகம் தெரியாத ஒருவன்
ஒரே நான்கு சுரக்கட்டை
ஒன்பது ஸ்பீக்கரில் வாசித்துக் காட்டினான்.
இது வெண்கலம், இது வெல்லம், இது கம்பளி
என்று கொப்பியில் எழுதிக்கொண்டே போனேன்.
நான் கேட்டதெல்லாம்
எழுநூறு ரூபாய்க் காதுக்குழலின் சத்தம்தான்
என்பது விடியப்போகும் நேரத்தில் விளங்கிற்று.

அறுபதுகளின் குரல், என்கிறது விளம்பரம்.
அறுபதுகளில் நான் இல்லை.
எனக்குத் தெரிந்த பழைய சத்தம் ஒன்றே ஒன்று:
கிண்ணியாவுக்குப் பாலம் வருமுன் ஓடிய பாதையின் எஞ்சின்.
லொறிகள், சைக்கிள்கள், மீன்பெட்டி, நாங்கள்,
எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு
நடுவில் தடித்து,
மேலே மழுங்கி,
அடியில் கொஞ்சம் இருமி.
அதைத்தான் தேடுகிறேன் என்று
எந்தக் கடையில் போய்ச் சொல்ல?

"எத்தனை ஓம்?" மருதானையிலிருந்து ஜனித்.
"எட்டு."
"கையில பதினாறுதான் இருக்கு. போட்டுப் பாருங்களேன்."
"வால்வு அம்ப் தம்பி. பொருத்தம் பாக்காமல் கட்ட ஏலாது."
"அப்ப எட்டு ஓமா?"
"ஓம்."
"ஒன்பதா?"
சிரிக்கிறான்.
வவுனியாவில் மூன்று வருடம் வேலை செய்தவன்.

செராமிக்தான் எடுத்தேன். மெல்லிய கடதாசி,
இருபத்தைந்து வாட்.
அறுபது வாட் கடைசிவரை நல்ல பிள்ளையாகவே இருக்கும்.
பக்கத்து வீட்டுச் சுவர் ஏழு அடி தூரத்தில்.
எனக்கு வேண்டியது
பாதிச் சத்தத்திலேயே தொண்டை கம்முகிற ஒன்று.
நஸ்மில் வென்றதாக நினைக்கிறான்.
நினைக்கட்டும்.

இரவு பஸ்ஸில் வந்தது,
அரிசிச் சாக்கில், கண்டக்டரின் காலடியில்.
பாலையூற்று வின்சன் ஈயம் உருக்கி இரண்டு கம்பி பொருத்தினான்.
முதல் தட்டு
தகரம்.
இரண்டாம் தட்டும் தகரம்.
வின்சன் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூக்களை எண்ணினான்.
"கடதாசி இளக வேணும் அக்கா. இருபது மணித்தியாலம் எண்டு சொல்லுவினம்."

ரேடியோவை அதற்குள் இழுத்துவிட்டு
சீனன்குடா மா ஆலைக்கு இரவு வேலைக்குப் போனேன்.
காலையில், தலைமயிரில் மாவோடு திரும்பினால்
மூடிய கதவுக்குப் பின்னால் ஓர் அறிவிப்பாளர்
கடல் நிலவரம் சொல்கிறார்:
திருகோணமலையிலிருந்து பொத்துவில் வரையான கரையோரம்,
காற்று மணிக்கு முப்பது கிலோமீற்றர்,
அவ்வப்போது கொந்தளிப்பு.
அந்த "கொந்தளிப்பு" நடுவில் தடித்து வந்தது.
அடியில் கொஞ்சம் இருமிற்று.
அல்லது என் காதில் இன்னும் மா.

படலையடியில் ஒரு மான்.
கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்திருக்க வேண்டும்.
ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது.
பொன்னெழுத்தில் 1965 என்று அடித்திருந்த பக்கம்.
பத்தொன்பது போய்விட்டது,
ஆறில் வாய்.

விரட்டவில்லை.
சப்பாத்தைக் கழற்றாமல்
கிற்றாரை எடுக்கப் போனேன்.