மூன்றாம் பொத்தான்

வயது வரிசையில் வரவில்லை.
மழையில் மூழ்கியதுதான் முதலில் வந்தது,
ஏழு மாதக் குழந்தை,
ஓடிய தூரம் நாலாயிரத்துச் சொச்சம்.
சஜா யார்டில் டிரக்கிலிருந்து இறக்கும்போது
கதவிடுக்கில் சேறு வடிந்தது.
அந்த நிலையிலும் மரியாதையாக, அரபியில்,
சீட் பெல்ட் போடுங்கள் என்றது.
குல்ரேஸ் சிரித்துச் சிரித்து
மண்ணில் குந்திவிட்டான்.

இதன் எள்ளுத்தாத்தா எங்களிடம்தான் இருக்கிறது.
எண்பத்தொன்றில் கப்பலிறங்கியது.
பெட்டி என்று பெயர், மூக்கு அத்தனை செங்குத்து.
குரோம் பம்பரில் முகம் பார்த்து
குல்ரேஸ் மீசை கத்தரித்துக்கொள்வான்.
முதலாளி அதை உடைக்க விடவில்லை.
பாசம் என்று நினைத்துவிடாதீர்கள்,
என்ஜின் பிளாக் இழுக்க அதுதான் தோது.
பின் சீட்டை எறிந்துவிட்டு டயர் அடுக்கியிருக்கிறோம்.
ஜன்னல் மோட்டார் செத்துப்போய்
கண்ணாடியை இடுக்கியால் பிடித்து ஏற்றுகிறோம்.
சாவி திருகினால்
இருமும், புகையும், புறப்படும்.

நடுவில் மூன்று.
ஒவ்வொன்றும் அப்பனைவிட அரைச் சாண் நீளம்.
நான் தலைமுறையைக் கம்பியில் எண்ணுகிறவன்:
பெட்டியில் உருவினால் வயர் ஒரு தோள்சுமை வரும்,
தொண்ணூற்றெட்டில் ஒரு சாக்கு,
இதில்
முற்றம் முழுக்கப் பரப்பியும் முடியவில்லை,
மறுநாளும் உருவினோம்.
பானட்டைத் திறந்தால் என்ஜினே கிடையாது.
ஒரு பிளாஸ்டிக் மூடி,
கை வைக்காதே என்று ஒரு படம்.

சீட்டுக்கடியில் கிடைப்பது யாருக்குக் கிடைத்ததோ அவனுக்கு.
பெட்டியில் பேரீச்சங்கொட்டை,
அறுந்த தஸ்பீஹின் ஏழு மணி,
கேசட்டிலிருந்து குடல் மாதிரி வந்த நாடா.
தொண்ணூற்றெட்டில்
டிஷ்யூவில் சுற்றிய ஒரு பால்பல்.
வைத்திருக்கிறேன், எதற்கென்று கேட்காதீர்கள்.
புதியதில் ஒன்றுமில்லை.
ஒரு முடிகூட.
பார்க்கிங் ரசீதையும் அதுவே கட்டி
அதுவே மறந்திருக்கும்.

சின்ன பேட்டரியைக் கழற்றுமுன்
கதவில் மூன்று பொத்தான்கள் கண்ணில் பட்டன.
ஒன்றை அமுக்கினேன்.
இருக்கை பின்வாங்கிச் சாய்ந்தது,
ஸ்டியரிங் ஒதுங்கி வழிவிட்டது:
தொந்தி வைத்த நெடியவர்.
இரண்டில் விறைப்பாக நிமிர்ந்தது.
முதுகு சாய்க்க அனுமதியில்லாதவன்,
சம்பளக்காரன்.
மூன்று.
இருக்கை ஏறியது, ஏறிக்கொண்டே போனது,
பெடலை நோக்கி நகர்ந்து நகர்ந்து
இனி இடமில்லை என்ற பிறகு நின்றது.
பக்கக் கண்ணாடிகள் இரண்டும்
ஒரு சிறிய ஆளைத் தேடுவதுபோல் திரும்பின.

பதினொரு வருடமாகப் பிரிக்கிறேன்,
பெட்டியைத் தவிர
ஓடும்போது ஒன்றிலும் ஏறியதில்லை.
உட்கார்ந்து பார்த்தேன்.
முழங்கால் இடித்தது, தலை கூரையில் முட்டியது.
கழுத்தை மடக்கி
அந்த ஆளின் கண் இருக்கும் உயரத்துக்கு வந்ததும்
கண்ணாடியில் பின்னால் தெரிந்தது
டயர் சுமந்து நிற்கும் பெட்டி.

வியாழனன்று கானோவிலிருந்து இத்ரீஸ் வந்தான்.
அவனுக்கு வேண்டியது டிரைவர் இருக்கை மட்டும்.
ஊரில் ஒருத்தரிடம் தொண்ணூற்றெட்டு ஓடுகிறதாம்,
அதற்குள் இதைப் பொருத்துவானாம்.
பேரனை உரித்துத் தாத்தாவுக்குச் சட்டையா,
கனெக்டர் சேராதே என்றேன்.
வெட்டி ஒட்டுவோம், நாங்கள் என்ன
கம்பெனியிடம் அனுமதி கேட்டா ஓட்டுகிறோம் என்றான்.
இருக்கையின் நினைவு அதன் அடியிலேயே இருக்கிறது,
தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புத் துண்டு.
அழித்துத் தரவா?
யாருடையது என்றான்.
தெரியாது என்றேன்.
அப்படியானால் இருக்கட்டும் என்றான்.

நாலு போல்ட்.
மூன்றாம் பொத்தானின் உயரத்திலேயே கழற்றினேன்.
குல்ரேஸ் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்
தூக்கிக்கொண்டுபோய்
டயர்களைத் தள்ளிப் பெட்டிக்குள் வைத்தோம்.
கண்டெய்னர் வரை
எள்ளுத்தாத்தா
இருமிக்கொண்டே கொண்டுபோனது.
ஒரு ஜன்னல் மட்டும் ஏறவில்லை,
இடுக்கியை எங்கேயோ வைத்துவிட்டேன்.