பிற வருமானம்

ஜூலை முப்பத்தொன்று, இரவு பதினொன்று பத்து.
ராக்கியாபாளையத்து மாடி வீட்டுச் சமையற்கட்டில்
அரிசி டப்பா மேல் மடிக்கணினி.
கடைசித் தேதிகளுக்குப் பழகியவள் நான்.
தூத்துக்குடிக்கு லாரி கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கையில்
நாலாயிரம் பனியனுக்குக் கழுத்துப்பட்டி மாற்றியிருக்கிறேன்.
இது என்ன, ஒரு படிவம்.

சம்பளப் பக்கத்தில் சண்டையில்லை.
கம்பெனி பிடித்ததும் அரசாங்கம் எழுதி வைத்ததும்
காஜாவும் பட்டனும் போலப் பொருந்திப் போயின.
அதற்குக் கீழே
பிற வருமானம்.
நான் தட்டும் முன்பே தட்டியிருந்தது:
வட்டி, பதினெட்டாயிரத்து நானூறு.

கை நின்றுவிட்டது.

டவுன் பஸ்ஸில் வந்துவிட்டு
ஷேர் ஆட்டோ என்று வீட்டில் கணக்குச் சொல்லி,
இன்சென்டிவ் வந்த மாதங்களை வாய்விடாமல் விழுங்கி,
ஐந்து வருடம் சேர்த்தது.
திருப்பூரில் கவுண்டருக்கு ஒரு ஒறம்பரை உட்கார்ந்திருக்கும் என்று
அவிநாசி கிளையில் போட்டது.
ரசீது ஆபீஸ் மேசையில்,
பையர் வேண்டாமென்ற சாம்பிள் துணிகளுக்கு அடியில்.
பெங்களூரில் ஏதோ ஒரு மிஷின்
அதை அலுங்காமல் எடுத்துப் பார்த்திருக்கிறது.
கோபம் வரவில்லை.
அந்தப் பணம் நிஜம்தான் என்று
என்னைத் தவிர இன்னொன்றுக்கும் தெரிகிறதே.

கட்ட வேண்டியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.
வட்டம் சுற்றியது.
நூல் தீர்ந்த ஓவர்லாக் போலச் சும்மா சுற்றியது.
நாடே கடைசி நாளில்தான் யோக்கியமாகிறது.
எப்படியோ பணம் போயிற்று, சலான் வந்தது.

இன்னாரின் மகள் இன்னார்,
அறிந்தவரை யாவும் உண்மை என்று உறுதி சொல் என்றது.
சொன்னேன்.
படிவம் முழுக்க அப்பா பேர்.
கட்டிக்கொண்டவருக்கு ஒரு மூலைகூட இல்லை
என்று நினைத்து முடிக்கவில்லை,
ஆதாரில் உள்ள கைபேசிக்கு
ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம் என்றது.
ஆதாரில் இருப்பது தரணிபதியின் எண்.
முகாமில் வரிசை நின்ற வருடம் என்னிடம் போன் இல்லை.

அவர் வீரபாண்டிப் பிரிவு சாயப்பட்டறையில்
பாய்லர் ஷிப்டில்.
"ஏனுங்க, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."
நீராவிக்கு நடுவே
நாலு என்றாரா, ஏழு என்றாரா,
தப்பாகிப் போனது.
மறுபடி அனுப்பினேன்.
இந்த முறை வெளியே வந்து நின்று
ஏலச்சீட்டில் பேர் வாசிப்பவர் போல
ஒவ்வொன்றாகச் சொன்னார்.
ஆறும் சரி.

"எதுக்கு புள்ள இந்நேரத்துல?"
"வரிங்க."
"அதத்தான் கம்பெனிக்காரனே புடிச்சுட்டுக் குடுக்கறானே."

அங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.
உறுதி கொடுத்து ஒன்பது நிமிடம்தான் ஆகியிருந்தது.
"வட்டிக்குங்க. கொஞ்சம் வட்டி வருது."

பாய்லர் ஒருமுறை ஊதி அடங்கியது.
"உனக்குமா?" என்றார்.

யாரோ வால்வு வால்வு என்று கத்த
போன் நின்றுவிட்டது.

ஒப்புகைச் சீட்டு இறங்கியது, பதினைந்து இலக்க எண்ணோடு.
கூட்டிப் பார்த்தேன், ஒரு பைசா பிசகவில்லை.
அந்த 'உம்' மட்டும்
எந்தக் கட்டத்திலும் உட்கார மாட்டேன் என்றது.

ஆறு மணிக்கு வருவார், நகக்கண்ணில் நீலத்தோடு.
அவருடைய பான் அட்டை
அலமாரியில் என் அட்டைக்கு அடியில்தான் கிடக்கிறது.
கடவுச்சொல் என்னவாக இருக்கும்
என்று போன மனதை
இழுத்து நிறுத்தி மூடியைச் சாத்தினேன்.

பன்னிரண்டு தாண்டியிருந்தது.
கட்டியிருப்பாரா என்று மட்டும்
கேட்க வேண்டும்.